அத்தை சுட்ட சோள ரொட்டி

பிள்ளைகளே, என் அப்பாவிடம் நான் துணிந்து பொய் சொன்னது ஒரே ஒரு தடவைதான். அதுவும் அம்மா சொல்லிக்கொடுத்த பொய்.

அப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, அமெரிக்காவில் அலபாமா என்ற மாநிலத்தில் வேலை பார்த்தார். அந்த ஊர்க்காரர் ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டார். "இனிமே அவ கையால பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்றார் அப்பா. ஆறு வருடம் கழித்து அத்தை தனியாகப் பொம்மிடியில் ரயிலிறங்கி எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா அவரைப் போகச் சொல்லவில்லை, பேசவும் இல்லை. நான்கு நாள் இப்படியே போயிற்று. மறுநாள் அத்தை கிளம்ப வேண்டும்.

அன்று அத்தை, மாமியாரிடம் கற்றுக்கொண்ட சோள ரொட்டியைச் சுட்டார். மக்காச்சோளத்தை மில்லில் அரைத்து வந்தது நான்தான். எனக்கு முன்னால் யாரோ கேழ்வரகு அரைத்திருந்தார்கள். எங்கள் ஊரில் எந்த மாவிலும் கொஞ்சம் கேழ்வரகு கலந்திருக்கும். முட்டையும் மோரும் சேர்த்துக் கரைத்து, இரும்புச் சட்டியில் ஊற்றி, மூடிமேல் தணலை அள்ளிப் போட்டார் அத்தை. மஞ்சளாக வரவேண்டிய ரொட்டி செம்மண் நிறத்தில் வந்தது.

"எங்க மாமியா பாத்தா மயங்கி வுழுந்துடும்" என்று சிரித்தவர், குரலைத் தாழ்த்தி, "அண்ணன் திங்குமா, அண்ணி?" என்றார்.

"நீ சுட்டதுன்னா தொடாது. நான் சுட்டதுன்னு குடுத்தனுப்பறேன்" என்றார் அம்மா. "டேய், அப்பா கேட்டா என்ன சொல்லுவ?"

"அம்மா சுட்டதுன்னு."

தக்காளித் தோட்டத்தில் அப்பா, நான் துணியில் கட்டிக் கொண்டுபோன ரொட்டியில் ஒரு துண்டைப் பிட்டு முகர்ந்தார்.

"யாரு சுட்டது?"

"அம்மாப்பா." எனக்குக் காதெல்லாம் சுட்டது.

"உங்கம்மாவா?"

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தின்றார். துணியில் ஒட்டியிருந்த தூளைக்கூட விடவில்லை. கை கழுவும்போது எங்கோ பார்த்தபடி, "நாளைக்கு ரயிலு எத்தன மணிக்காம்?" என்று கேட்டார்.

நான் ஒரே ஓட்டமாக வீட்டுக்கு ஓடினேன். வாசலிலேயே நின்றிருந்தார் அத்தை.

"அப்பா முழுசாத் தின்னுடுச்சு அத்த! கண்டுபுடிக்கவே இல்ல! ரயிலு எத்தன மணிக்குன்னு கேட்டுச்சு!"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பாடுபட்டுச் சுட்டவருக்குப் பேர் கிடைக்காமல் அம்மாவுக்குப் போய்விட்டதே, அந்த வருத்தம்தான் என்று எனக்குப் பட்டது.

"அழுவாத அத்த" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "சாயந்திரம் அப்பாகிட்ட நீதான் சுட்டேன்னு சொல்லிடறேன்."