பூரானின் முப்பத்தாறு கால்கள்

இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முட்டை அட்டையில் பூச்சி செய்யும் வேலையைக் கொடுத்தது நான்தான். மெயின்லேண்டிலிருந்து எங்கள் தீவுக்கு வர வேண்டிய கப்பல் தாமதம். கலர் பேப்பர், பசை எல்லாம் அதில்தான் வர வேண்டும். கண்காட்சி என்று பெற்றோருக்கோ சொல்லியாகிவிட்டது. வீட்டில் கிடைப்பதைக் கொண்டு வாருங்கள் என்றேன். முட்டை அட்டை, விளக்குமாற்றுக் குச்சி, அறுந்த சட்டைப் பொத்தான் என்று அள்ளிக்கொண்டு வந்தார்கள்.

வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். பேச்சு குறைவு. அவளும் அம்மாவும் பள்ளிக்குப் பக்கத்தில் பத்துபஸ்தியில் குடியிருந்தார்கள். அப்பாவுக்குத் தெற்கே தொலைவில் வேறொரு தீவில், கேம்பல் பேயில் கட்டட வேலை; லீவும் கப்பலும் சேர்ந்து கிடைத்தால்தான் வருவார். அவள் அட்டையின் குழிகளைச் சோற்றுப் பருக்கையால் வரிசையாக ஒட்டி, பழுப்புச் சாயம் பூசி, இருபுறமும் குச்சிகளைச் செருகியிருந்தாள். பார்த்தவுடன் காலைத் தூக்கிக்கொள்ளத் தோன்றும் அசல் பூரான்.

நான் சொல்லிக்கொடுத்ததோ பொறிவண்டும் பட்டாம்பூச்சியும். மறுநாள் கண்காட்சி. அதிகாரி ஒருவர் வேறு வருகிறார். எனக்கு எப்போதுமே கோபம் மூக்கு நுனியில்.

"பூச்சிக்கு எத்தனை கால்னு போர்டுல எழுதிப் போட்டேனா இல்லையா?"

"ஆறு மிஸ்."

"இதுல எத்தனை இருக்கு?"

"நாப்பத்திரண்டு மிஸ். எங்கப்பா ஃபோன்ல எண்ணிச் சொன்னாங்க. அவங்க ஷூவுக்குள்ள இருந்துச்சாம். அடிச்சுப் போட்டுட்டு எண்ணுனாங்களாம். ஒரு பக்கத்துக்கு இருபத்தொண்ணு."

வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதை வாங்கி, பட் பட்டென்று குச்சிகளை ஒடித்தேன். முப்பத்தாறு. மீதி ஆறு. கீழே விழுந்ததைப் பொறுக்கிக் குப்பைத்தொட்டியில் போடச் சொன்னேன். ஒன்று விடாமல் பொறுக்கிப் போட்டாள்.

மறுநாள் அவள் அப்பா ஹேடோ துறைமுகத்தில் கப்பலை விட்டு இறங்கிய கையோடு, தோள்பையுடன் நேராகப் பள்ளிக்கு வந்துவிட்டார். சவரம்கூடச் செய்திருக்கவில்லை. மேஜை மேஜையாகக் குனிந்து தேடினார்.

"நம்ம கான்கஜூரா எங்க கண்ணு?"

பூரானைத்தான் இந்தியில் அப்படிக் கேட்டார். அவள் கை காட்டினாள். அவர் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "காலெல்லாம் எங்கம்மா?"

நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். அவள் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள்.

"குச்சி பத்தலப்பா."

"வெளக்குமாத்துல குச்சிக்கா பஞ்சம்!" என்று சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரொம்ப நல்லா சொல்லிக் குடுக்கிறீங்க மிஸ்" என்றார்.

நன்றி என்றேன். அந்த ஒரு வார்த்தையை நினைத்தால் இன்றும் கூசுகிறது. 'ஒடித்தது நான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகிவிடும்? அவர் நாலு நாள் ஊரில் இருந்தார். மகளைக் கூப்பிட்டுப் போக வாசலுக்கு வரும்போதெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன், நோட்டுப் புத்தகத்தைத் திருத்துவதுபோல் குனிந்துகொள்வேன். ஐந்தாம் நாள் கப்பலேறிவிட்டார்.

பூரான் பூச்சியினத்தில் சேராது. பாடப்படி நான் சொன்னது சரிதான். அப்படியென்றால் அதை அப்படியே வைத்துவிட்டு, 'இது பூச்சி அல்ல' என்று பக்கத்தில் ஒரு சீட்டு எழுதி வைத்திருக்கலாமே. வேண்டாத காலை ஒடிக்கத் தோன்றிய எனக்கு, ஒரு சீட்டு எழுதத் தோன்றவில்லை.

போன வாரம் மரம் வரையச் சொன்னேன். எல்லாரும் பென்சிலை எடுத்து இஷ்டத்துக்குக் கிறுக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் மட்டும் தாளைத் தொடாமல் கையைத் தூக்கினாள்.

"எத்தனை கிளை மிஸ்?"