ராக்கினியம்மாளின் நாற்பது நாள்

வாயில் ஒரு மிடறு தண்ணீரை அடக்கிக்கொண்டுதான் ராக்கினியம்மாள் இப்போதெல்லாம் இட்லி வைக்கிறாள். கூடலூர் ஜீப் நிறுத்தத்தில் விடிவதற்குள் அவள் கடை களைகட்டிவிடும். "சட்னி என்ன, தண்ணியா ஓடுது?" என்று ஒரு டிரைவர் கேட்டால், கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை மட்டும் உருட்டிவிட்டு, இன்னொரு கரண்டி ஊற்றுவாள். தண்ணீர் உள்ளே இருக்கும்வரை வசவு வெளியே வராது. அவளே கண்டுபிடித்த வைத்தியம் இது.

முன்பெல்லாம் அந்த வாய் லோயர் கேம்ப் வரைக்கும் பிரசித்தம். அவள் திட்டாமல் வைத்த இட்லி செரிக்காது என்று டிரைவர்கள் சொல்வார்கள். புருஷன் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம். முப்பது ஆம்பிளைகளுக்கு நடுவே தனியாகக் கடை நடத்துகிறவளுக்கு வாய்தான் கதவு, வாய்தான் தாழ்ப்பாள்.

வினை பிரசங்க வடிவில் வந்தது. மாதா கோவிலுக்குப் புதிதாக வந்த பங்குச்சாமியார் சின்ன வயசுக்காரர். ரோமாபுரியில் பிஷப்புமார்களெல்லாம் கூடி எழுதியே வைத்துவிட்டார்கள், புனிதராக வேண்டுமானால் மடத்துக்கு ஓட வேண்டாம், நாற்று நடுகிறவளும் இட்லி அவிக்கிறவளும் இருந்த இடத்திலேயே ஆகலாம் என்றார். கோவிலில் நாற்று நடுகிறவர்கள் ஐம்பது பேர் இருந்தார்கள். இட்லி அவிக்கிறவள் ஒருத்திதான்.

"என்னயப் பாத்துத்தான் சொன்னாக," என்று முடிவு கட்டிவிட்டாள் ராக்கினியம்மாள்.

எதையும் அரைகுறையாகச் செய்து அவளுக்குப் பழக்கமில்லை. முதல் வேலையாகக் கம்பம் டவுனுக்குப் போய் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டாள். புனிதரான பின்னால் படத்துக்கு யாரும் அலையக் கூடாதல்லவா? ஸ்டுடியோக்காரர் சேக் பரீத், "இங்கன பாருங்கம்மா, இங்கன," என்று கெஞ்சியும் அவள் பார்வை கூரையை விட்டு இறங்கவில்லை. "அவுகல்லாம் மேலதானய்யா பாக்காக!" கையில் எதைப் பிடிப்பது என்பதில்தான் தடுமாற்றம். அந்தோணியாருக்கு லீலிப்பூ இருக்கிறது. இட்லித் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றால் யார் கும்பிடுவார்கள்? கடைசியில் சும்மா கையைக் கூப்பிக்கொண்டாள்.

தன்னிடம் பாவம் என்று இருப்பது வாய் ஒன்றுதான் என்பது அவள் கணிப்பு. ஆகவே ஈஸ்டருக்கு முந்திய தபசு காலம் நாற்பது நாளும் ஒருத்தரையும் ஒரு சொல் திட்டுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள். "ஒரு நாள் தப்புனாலும் மொதல்லருந்துதேன்," என்று சாமியாரிடமே சொல்லிவிட்டு வந்தாள்.

டிரைவர்கள் பதறிப்போனார்கள். ஒருவர் கஷாயம் கொண்டுவந்தார். செல்லப்பாண்டி மட்டும் விஷயம் தெரிந்துகொண்டு, தினம் ஒரு சீண்டல் சீண்டிப் பார்த்தான். முப்பத்தொரு நாள் அவள் அசையவில்லை. பாவம், மனுஷி எப்படித்தான் தாங்கினாளோ.

முப்பத்திரண்டாம் நாள், ஏலத்தோட்டத்துக்குக் கூலியாட்களை ஏற்றிக்கொண்டு செல்லப்பாண்டியின் ஜீப் குமுளிக்குக் கிளம்ப நின்றது. உள்ளே பதினேழு பேர். பின்படியில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பொன்னாத்தாள் நின்றாள். அவளுக்கு எட்டு மாதம். மேலே இருப்பது அத்தனையும் கொண்டை ஊசி வளைவு. ராக்கினியம்மாள் கரண்டியை ஆட்டி ஆட்டிச் சைகை காட்டினாள்.

"என்னக்கா, வாயத் தொறந்துதான் சொல்லுங்களேன். மாட்டீகளே!" என்று சிரித்தபடி கியரைப் போட்டான் செல்லப்பாண்டி.

இன்னும் ஒன்பதே நாள். அவள் பொன்னாத்தாளின் வயிற்றைப் பார்த்தாள், கம்பியைப் பிடித்திருந்த விரல்களைப் பார்த்தாள். தண்ணீரைத் துப்பினாள்.

"ஏலே, எடுபட்ட பயலே! கட்டையில போறவனே! புள்ளத்தாச்சிய ஏலக்கா மூடைன்னு நெனச்சியா? எறக்குலே! ஏலே, முன்னால உக்காந்திருக்க மீசக்காரா, ஒனக்கென்ன பேறுகாலமா? எந்திரிலே!"

முப்பத்தொரு நாள் சேர்த்துவைத்தது மொத்தமும் வந்தது. நான்கு பேர் இறங்கினார்கள். பொன்னாத்தாள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். ஜீப் ஒரு கீறலுமில்லாமல் குமுளி போய்ச் சேர்ந்தது. அதனால் யார் யாரைக் காப்பாற்றினார்கள் என்று சொல்ல ஒன்றுமே இல்லாமல் போயிற்று. ராக்கினியம்மாளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான்: புனிதம் போச்சு.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில், நடந்ததையும் சொன்ன வசவுகளையும் ஒன்றுவிடாமல் ஒப்பித்து அழுதாள். கூண்டின் வலைக்கு அந்தப் பக்கம் சாமியார் வெகுநேரம் இருமினார். பிறகு, "ஒரே ஒரு அருள் நிறைந்த மந்திரம் சொல்லுங்கம்மா, போதும்," என்றார்.

அதில்தான் அவள் நொறுங்கிப்போனாள். சின்னப் பொய்க்கே பத்து மந்திரம் அபராதம் கொடுக்கிற சாமியார் ஒன்றோடு நிறுத்துகிறார் என்றால் என்ன அர்த்தம்? "இது தேறாதுன்னு கைகழுவிட்டாக," என்று அக்கம்பக்கத்தில் சொல்லி மாய்ந்தாள். விடுவாளா? வீட்டுக்கு வந்து வெறுந்தரையில் முழங்காலிட்டு ஜெபமாலையின் ஐம்பத்துமூன்று மணியும் உருட்டினாள். ஈஸ்டர் போனால் போகிறது, திங்கட்கிழமையிலிருந்து மறுபடியும் முதல் நாள் என்று கணக்கு வைத்தாள்.

திங்கட்கிழமை காலை செல்லப்பாண்டியின் ஜீப் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே பதினெட்டுப் பேர். பொன்னாத்தாள் பின்படியில் கால் வைத்தாள்.

ராக்கினியம்மாள் ஒரு வார்த்தை பேசவில்லை. கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனாள். செல்லப்பாண்டியின் கையைத் தட்டிவிட்டு, ஜீப் சாவியைத் திருகி உருவி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த ஈட்டுக்கு மாவு ஊற்றத் திரும்பினாள்.