பெண்ணுரிமைக் கூட்டத்தில் சாம்பார் கிண்டியவர்கள்

சிம்பாங் அம்பாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ரப்பர் தோட்டத்தில் பெண் சமத்துவத்துக்காக ஒரு கூட்டம் நடந்தது. வெளிநாட்டு உதவி நிறுவனம் ஒன்று தோட்டத்துப் பெண்களுக்கு ஏதோ திட்டம் தரப் போகிறது, அதைப் பற்றிப் பேச கென்யாவிலிருந்து ஓர் அம்மையார் வருகிறார் என்றார்கள். நான் ஆயர் குரோவில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆங்கிலம் பேசுவேன் என்ற ஒரே குற்றத்துக்காக என்னை மொழிபெயர்க்க இழுத்துக்கொண்டு போனார் பெரியப்பா. தோட்டத்து மண்டபத்தின் கமிட்டித் தலைவர் அவர்தான்.

போய்ப் பார்த்தால், ‘பெண்களுக்குச் சம உரிமை’ என்ற பெரிய பேனருக்குக் கீழே வரிசையாக ஆறு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். கீழேயும் ஆண்கள்தான்.

“பொம்பளைங்க எங்க பெரியப்பா?”

“பின்னால சமைக்கிறாங்க லா. கூட்டமே அவங்களுக்காகத்தான் நடக்குது. யாராச்சும் சமைக்கணும்ல?”

பெரியப்பா மைக்கைப் பிடித்தார். பெண் ஒரு நதி என்றார். பெண் ஒரு பூமி என்றார். கடைசியில், எத்தனை வெட்டு விழுந்தாலும் பால் கொடுக்கும் ரப்பர் மரம் என்றார். நான் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தேன். அம்மையார் என் காதோரம் குனிந்து, “இவர் விவசாயத்தைப் பற்றிப் பேசுகிறாரா?” என்று கேட்டார். அடுத்து, “பெண்கள் எங்கே?” என்றார். நான் சாம்பார் வாசனை வந்த திசையைக் காட்டினேன்.

அவர் எழுந்து நேராகப் பின்பக்கம் நடந்தார். ஆறு ஆண்களும் பதறிப்போய்ப் பின்னால் ஓடினார்கள். தகரக் கொட்டகைக்குள் பெண்கள் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள். பெரிய அண்டாவின் முன்னால் கரண்டியோடு பெரியம்மா நின்றிருந்தார்.

“இவர்கள் எல்லாரும் மேடைக்கு வரட்டும்” என்றார் அம்மையார்.

“நாங்க வந்துட்டா சாம்பார யாரு பாக்குறது?” என்றார் பெரியம்மா.

“அதுதான் கமிட்டி இருக்கிறதே” என்று அம்மையார் அந்த ஆறு பேரையும் காட்டினார். இதை மட்டும் நான் கொஞ்சம் சத்தமாகவே மொழிபெயர்த்தேன்.

பெரியம்மா கரண்டியைப் பெரியப்பாவின் கையில் கொடுத்தார். “அடி புடிக்காம கிண்டுங்க. கையை மட்டும் நிறுத்தாதீங்க.”

பெண்கள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார்கள். திட்டத்தில் தையல் மெஷின் தருவதாக இருந்தது. அம்மையார் அதைச் சொன்னதும் பெரியம்மா மைக்கை வாங்கினார்.

“தையல் மெஷின் வேணாம் மேடம். இதுக்கு முன்னால வந்தவங்களும் அதத்தான் குடுத்தாங்க. எங்க வீட்டுல ஒண்ணு மேல டிவி இருக்கு. இன்னொண்ணு கீழ கோழி முட்ட போடுது.”

“பிறகு என்ன வேண்டும்?”

“காடி லைசென்சு. காடி ஓட்டக் கத்துக் குடுங்க. நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்னாகூட இவரு கேரம் ஆடி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும்.”

மற்ற பெண்கள் கைதட்டினார்கள். அப்போது பக்கத்துக் கதவில் பெரியப்பாவின் தலை தெரிந்தது. “மஞ்சத்தூளு எங்க இருக்கு?”

பெரியம்மா மைக்கை இறக்கவே இல்லை. “நாங்களும் மனுசங்கதானே மேடம், எங்களுக்கும், அந்தச் செவப்பு மூடி டப்பால பாருங்க, எங்களுக்கும் நெனச்ச எடத்துக்குப் போவணும்னு ஆச இருக்காதா?”

வேகத்தில் நான் அப்படியே மொழிபெயர்த்துவிட்டேன். அம்மையார் மிகுந்த மரியாதையோடு தலையசைத்தார். “சிவப்பு மூடி எதைக் குறிக்கிறது?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மறுபடியும் தலை தெரிந்தது.

“செவப்பு மூடி டப்பா ரெண்டு இருக்கு லா!”

“வலது பக்கம்!” என்று மேடையே கத்தியது.

யாருடைய வலது பக்கம் என்பதில்தான் தவறு நடந்தது. இலையில் விழுந்த சாம்பார் செக்கச்செவேலென்று இருந்தது. இடது பக்க டப்பாவின் மிளகாய்த்தூள் முழுவதும் அதில் போயிருந்தது. அம்மையார் ஒரு வாய் சாப்பிட்டார். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கண்ணீர் வழிந்தது.

பெரியப்பா என் கையைச் சுரண்டினார். “பாத்தியா, என் பேச்சு அவங்கள எப்புடித் தொட்டிருக்குன்னு?”

கிளம்பும்போது, பெண்கள் கேட்டதையே தருவதாகச் சொல்லிவிட்டுப் போன அம்மையார் சொன்ன சொல் தவறவில்லை. சில மாதங்களில் தையல் மெஷினுக்குப் பதிலாக அலோர் காஜாவில் கார் ஓட்டும் பயிற்சி வந்தது. பெண்கள் வேன் நிறையப் போனார்கள். பெரியம்மா பார்க்கிங்கில் கம்பத்தைச் சாய்த்து ஒரு தடவை தோற்றார். மறு தடவை பாஸானார்.

லைசென்ஸ் கையில் கிடைத்த வாரமே, சுட்ட மீன் சாப்பிட எங்களை செர்காமுக்குக் கூட்டிப்போனார். பின்சீட்டில் பெரியப்பா இல்லாத பிரேக்கைக் காலால் அழுத்திக்கொண்டே வந்தார். “ஓரமா போ! லோரி வருது! மெதுவா!”

“அந்த லோரி எதிர்ப்பக்கம் போவுதுங்க. பேசாம உக்காருங்க.”

திரும்பும்போது மீன் தின்ற மயக்கத்தில் அவர் வாயைத் திறந்து தூங்கிவிட்டார். பெரியம்மா கண்ணாடியில் பார்த்தார், ரேடியோவைக் குறைத்தார். ஆயர் குரோவில் நெடுஞ்சாலையில் ஏறியதும் நிமிர்ந்து உட்கார்ந்து, காற்று முகத்தில் அடிக்கக் கண்ணாடியை இறக்கினார்.

“பெரியம்மா, நம்ம சிம்பாங் அம்பாட் எக்சிட் தாண்டிருச்சு!” என்றேன்.

“தெரியும் லா” என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். “அடுத்த எக்சிட்டுல திரும்பிக்கலாம். இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டுறேனே.”