புகையனுக்கு ஒட்டிய இறக்கை

நீ புகையனுக்கு இறக்கை ஒட்டிவிட்டாய். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் ஒட்டிவிட்டாய்.

நாம் இருவரும் கூலாய் ஊரிலிருந்து ஒரே தொழிற்சாலை பஸ்ஸில் போகிறவர்கள். நான் கதை சொல்வேன், நீ வரைவாய். முதலில் நம் கதையில் இருந்தது டிராகன்தான். பனிமலை, குகை, தங்கக் குவியல். எல்லாம் இரவல்.

புகைமூட்டம் ஊரை மூடியிருந்த ஒரு காலையில் பஸ் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்து ஓரமாக நின்றுவிட்டது. மரவரிசையின் கடைசியில் புகை மெல்ல எழுந்தது, தணிந்தது, மறுபடி எழுந்தது.

"அங்க ஒண்ணு படுத்திருக்குடா," என்றேன்.

"டிராகனா க்கா?"

"அதுக்கு இங்க என்ன வேலை? பாஸ்போர்ட் இருக்கா?"

நீ சிரித்தாய். அன்றே இறக்கையை அழித்தோம். மட்டைகள் கூரைபோல் மூடிய இடத்தில் அதை எங்கே விரிப்பது? நெருப்பை எடுத்துவிட்டுப் புகையை மட்டும் விட்டோம். தங்கத்துக்குப் பதில் உதிர்ந்த பழங்களின்மேல் சுருண்டு படுக்கவைத்தோம். புகையன் என்று பெயர் வைத்தோம். ஆனால் கதையில் ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள். தோட்டத்துக்குள் நிற்கும்போது என் அப்பா புலியைப் புலி என்று சொன்னதே இல்லை. 'பெரியவர்' என்பார். அப்படித்தான் நம் கதை ஆட்களும், "அவரு புரண்டு படுத்துட்டாரு, இன்னிக்கு உள்ள போகாதீங்க," என்று தணிந்த குரலில் சொல்வார்கள்.

அதன் பிறகு பஸ் ஜன்னலில் நெற்றியை வைத்துக்கொண்டு அவரைத் தேடுவேன். சில காலைகளில் பார்த்தேன் என்றே சொல்வேன். ஈரமண் நிறத்தில் முதுகு, பிறகு வால், பிறகு வெறும் மரங்கள்.

நேற்று நம் கதைப் புத்தகத்தின் பக்கங்களைக் கைப்பேசிக்கு அனுப்பினாய். இறக்கை. நெருப்பு. கீழே ஆட்கள் "டிராகன்! டிராகன்!" என்று கத்திக்கொண்டு ஓடுகிறார்கள். உடனே அழைத்தேன்.

"பதிப்பகத்துல கேட்டாங்க க்கா. படிக்கிறவங்களுக்குப் புரியணும்லா."

"மாத்துடா."

"அச்சுக்குப் போயிடுச்சு. அலமாக், ஐயோ விடுங்க க்கா, படம்தானே?"

படம்தானா? டிராகனுக்கு உலகம் முழுக்க இடம் இருக்கிறது. புகையனுக்கு நம் புத்தகத்தை விட்டால் வேறு இடம் இல்லை. அங்கிருந்தும் துரத்திவிட்டாய்.

புத்தக வெளியீட்டுக்கு நம் பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தப் புகையில் இருமிக்கொண்டே வேலைக்குப் போனவர்கள். மேடையில் நின்று, மைக்கைப் பிடித்து, அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்: இவர்களில் யாருக்குப் புகையன் புரியாது?