மாட்டுக் கொட்டகையில் உலர்ந்த சக்கரங்கள்

பழைய மோட்டார் சைக்கிள்களின் சக்கரங்களைப் புதுப்பித்து வண்ணம் பூசும் தொழிலில் வண்ணம் பூசும் நேரம் மிகக் குறைவு. துருவைச் சுரண்டும் நேரமும் வண்டிக்காரரின் யோசனைகளைக் கேட்டுக்கொண்டு நிற்கும் நேரமுமே மிகுதி. தையற்காரரும் தச்சரும் கடிகாரம் பழுது பார்ப்பவரும் இதைப் படித்தால், மேற்கொண்டு விளக்கம் கேட்கமாட்டார்கள். எல்லையோரக் கணவாயில், மீனாட்சிபுரம் செல்லும் சாலையில், மூன்று பக்கச் சுவரும் ஒரு பக்கத் தார்ப்பாயும் கொண்ட எங்கள் பட்டறையில் சுரண்டுவதும் பூசுவதும் என் பொறுப்பு. கம்பி கோத்துக் கோணல் எடுப்பது பஷீர் அண்ணனின் பொறுப்பு. முன்பு பள்ளியில் தமிழ் கற்பித்தவள் என்பதால் இரும்புத் தூள் படிந்த முகத்தோடு நிற்கும்போதும் எல்லோருக்கும் நான் டீச்சர்தான்.

கடந்த ஆடி மாதத்தில் ஒரே ஒரு ஜோடிச் சக்கரத்தால் நான் பட்ட பாட்டையும், இடையிடையே கேட்ட சொற்களையும் கீழே வரிசைப்படுத்தியிருக்கிறேன்.

பால் குடித்த ரிம்

பழனிச்சாமி ஆறு கறவை மாடு வைத்திருப்பவர். தம் வீட்டுப் பாலையும் அக்கம்பக்கத்து மூன்று வீட்டுப் பாலையும் காலை, மாலை இருவேளையும் பழைய மோட்டார் சைக்கிளில் கேன் கட்டிச் சொசைட்டிக்குக் கொண்டுசெல்பவர். வண்டிக்குப் பதினைந்து ஆண்டு முடிந்ததால் பதிவைப் புதுப்பிக்க டெஸ்டுக்குக் கொண்டுபோயிருந்தார். ஆண்டுக்கணக்கில் சிந்திய பால் பின் ரிம்மை அரித்திருந்தது. கம்பி நுழையும் துளைகளைச் சுற்றித் துரு பூத்திருந்ததைக் கண்ட அதிகாரி, சக்கரத்தைச் சரிசெய்து பன்னிரண்டு நாள் கழித்துத் திங்கட்கிழமை வரச் சொல்லித் திருப்பியனுப்பிவிட்டார். அதுவரை மைத்துனரின் ஸ்கூட்டரை இரவல் வாங்கிப் பால் சுமந்தார். மைத்துனரோ விடுப்பு முடிந்து அதே திங்கட்கிழமை ஸ்கூட்டரோடு கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைக்குத் திரும்ப வேண்டியவர். ஆகவே அன்று வண்டி தேறாவிட்டால் அன்று மாலையே நான்கு வீட்டுப் பாலும் வீட்டிலேயே நிற்கும்.

பின்சக்கரத்துக்கு வேறு நல்ல ரிம் தேடிப் பிடித்தோம்; அதுவும் பழையதே, ஆயினும் துளைகள் உறுதியாக இருந்தன. இரண்டு சக்கரத்துக்கும் சாம்பல் வண்ணம் பூசினால் அழுக்கு தெரியாது, தூசியும் உறுத்தாது என்று எடுத்துச் சொன்னேன். வெள்ளை நிறம் ஒவ்வொரு புள்ளியையும் காட்டிக்கொடுக்கும் என்றும் எச்சரித்தேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "வெள்ளையே அடிச்சுப் போடுங்க டீச்சர், பாலு சிந்துனாத் தெரியாதல்லங்க."

வருகைப் பதிவு

சக்கரம் ஒன்றுக்கு முப்பத்தாறு கம்பி. உள்பக்கக் கம்பி, வெளிப்பக்கக் கம்பி என்று வளைவில் வேறுபாடு உண்டு. பிரிக்கும்போதே ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துண்டுத்தாளை ஒட்டி, எண் வரிசையில் பலகையில் அடுக்குவது என் வழக்கம். எழுபத்திரண்டு துண்டு எழுதி முடிக்க அரைநாள் ஆயிற்று.

பஷீர் அண்ணன் முப்பது ஆண்டாகக் கம்பி கோப்பவர். கண்ணை மூடிக்கொண்டு தடவியே உள்ளது எது, வெளியது எது என்று பிரித்துவிடுவார். நான் பலகையின் முன் குனிந்து முப்பத்து நான்காம் எண்ணைத் தேடிக்கொண்டிருந்தபோது டீக் கிளாஸோடு பின்னால் வந்து நின்றார். டீயைக் குடித்து முடித்தார். பிறகு சொன்னார்: "டீச்சர், இது கம்பி. ஹாஜர் எடுக்கறதுக்கு இது உங்க அஞ்சாங் கிளாஸ் இல்ல."

உள்ளும் புறமும்

அதே வாரத்தில் சின்னக்கானல் எஸ்டேட்டிலிருந்து முருகேசன் வந்து சேர்ந்தார். தங்கையை எங்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருப்பதால், வரும் சாக்கில் தம் வண்டியின் முன்சக்கரத்தைக் கழற்றிக் கோணிப்பையில் கட்டிப் பஸ்ஸிலேயே கொண்டுவந்திருந்தார். மலை இறக்கத்தில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்பதில்லை என்பது அவர் குறை. ரிம்மைப் பார்த்தேன், அவரே தூரிகையால் கறுப்பு வண்ணம் பூசியிருந்தார், குறை சொல்லும்படி இல்லை. டிரம்மைத் திறந்து பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. பிரேக் கட்டை உரசிப் பிடிக்க வேண்டிய உட்சுவர் முழுவதும் அதே கறுப்பு எனாமல் பளபளத்தது.

உரசும் பரப்பில் வண்ணம் பூசக்கூடாது, பூசினால் வழுக்கும், உயிருக்கே ஆபத்து என்று விளக்கிவிட்டு, பிற்பகல் முழுவதும் அதைச் சுரண்டினேன். என் மணிக்கட்டு இன்றும் அதை நினைவில் வைத்திருக்கிறது. சுரண்டி முடித்துக் கையில் கொடுத்தபோது, வெறும் இரும்பாகிவிட்ட உட்சுவரை அவர் வருத்தத்தோடு பார்த்தார். "நிக்காட்டியும் பாக்கதுக்கு லெச்சணமா இருந்துச்சுல்லா டீச்சர்" என்றார்.

ஆடிக் காற்று

பழனிச்சாமியின் ரிம்களில் பழைய குரோம் பூச்சைத் தேய்த்து நீக்கி, பட்டி வைத்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் பூசி முடிப்பதற்குள் ஏழு நாள் கடந்துவிட்டது. எட்டாம் நாள் காலை வெள்ளை எனாமலைப் பூசினேன். ஆடி மாதத்தில் எங்கள் கணவாயில் வீசும் காற்று எப்படிப்பட்டது என்பதை இங்கே வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தார்ப்பாயின் கயிறு அறுந்தது. சாலைப் புழுதியும் எதிர்த் தோட்டத்து வைக்கோல் துணுக்குகளும் ஈர வண்ணத்தில் வந்து அமர்ந்தன. உலரவிட்டு, தேய்த்து, மறுநாள் மீண்டும் பூசினேன். தார்ப்பாயை இரட்டிப்பாகக் கட்டியும் புழுதி வந்தது. மீண்டும் தேய்க்கும்போது விரல் நுனிகள் காந்தின.

வியாழக்கிழமை மாலை பழனிச்சாமி வந்து பார்த்தார். ரிம்மின் மேல் சொரசொரப்பை விரலால் தடவியபோது அவர் முகம் மாறியது. திங்கட்கிழமைக்கு நடுவே மூன்றே நாள். பூசிய கையோடு தம் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விடலாம் என்றார். மேற்கே முழுச் சுவர், கதவும் உண்டு, தூசியே வராது என்றார். வேறு நாளாக இருந்தால் நான்கு கேள்வி கேட்டிருப்பேன். அன்று நான் களைத்திருந்தேன், சரி என்றேன். வெள்ளிக்கிழமை விடியலில், காற்று எழுமுன், பூசி முடித்தேன். கொடிக்கம்பியில் தொங்கவிட்டபடியே ரிம்களை அவர் கொண்டுவந்த மினி வேனில் ஏற்றும்போது அவர் எனக்குத் தைரியம் சொன்னார்: "எங்கூட்டு மாட்டுச்சாலைல ஈ பறக்கறதுக்கே காத்து பத்தாதுங்க டீச்சர்."

இரண்டு இரவு

ஞாயிற்றுக்கிழமை காலை அவர் தொலைபேசியில் அழைத்து, சக்கரம் நன்றாகக் காய்ந்திருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் கனிந்திருக்கிறது என்றார். வண்ணம் கனியும் என்று நான் அதுவரை கேள்விப்பட்டதில்லை. நேரில் போனேன். கொட்டகைக் கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. அந்த எரிச்சலிலேயே நடந்தது புரிந்துவிட்டது. எண்ணெய் எனாமல் வெள்ளை, இருட்டில், மாட்டு மூத்திரத்திலிருந்து எழும் அமோனியாவில் உலர்ந்தால் மஞ்சளாகும். இது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பகுதியில் கொட்டகையை ஒட்டிய வீட்டுக் கதவுகளெல்லாம் வெள்ளையாகப் பிறந்து மஞ்சளாக மூப்படைவதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். தெரிந்ததைத் தேவையான நேரத்தில் நினைக்காதது என் பிழை, முழுவதும் என் பிழை.

இரண்டு ரிம்களும் உருக்கிய பசுநெய்யின் நிறத்தில், ஒரு தூசி இல்லாமல், கண்ணாடிபோல் தொங்கின. மீண்டும் பூச நேரமில்லை. டெஸ்டை ஒரு நாள் தள்ளிக் கேட்கலாமா என்றேன். மைத்துனர் பையைக் கட்டி வைத்துவிட்டார் என்று வாசலைக் காட்டினார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மாடுகளைப் பார்த்தார், சக்கரங்களைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "உடுங்க டீச்சர், எங்க மாடுக அதுகளுக்குத் தெரிஞ்ச கலர அடிச்சிருக்குதுங்க."

டெஸ்ட் மைதானம்

ரிம்களைப் பட்டறைக்குக் கொண்டுவந்தோம்; அன்று பகல் முழுவதும் பஷீர் அண்ணன் தலை நிமிரவில்லை. எண் வரிசையில் நான் எடுத்துக்கொடுக்க, அவர் கோத்து, ஸ்டாண்டில் சுழற்றி, இம்மியளவு கோணலும் இல்லாமல் எடுத்தார். திங்கட்கிழமை என்னையும் கூட வரச் சொன்னார் பழனிச்சாமி. கேட்டால் பதில் சொல்ல ஆள் வேண்டுமாம். செய்த பிழைக்குச் சாட்சியாக நானும் போனேன். வரிசை நீளமாக இருந்தது. அவர் கைக்குட்டையால் ரிம்மைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மஞ்சள் துடைத்தால் போகாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலையாளம் கலந்து பேசும் அதிகாரி, முன்பு பார்த்தவரேதான். குனிந்து, சென்ற முறை விரல் வைத்த அதே இடத்தில் விரல் வைத்தார். கம்பிகளை இரண்டிரண்டாகச் சேர்த்து அழுத்திப் பார்த்தார். ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, அது நிற்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். "இதெந்தா சேட்டா, ஒரு நெறம்?" என்று கேட்டார் அதிகாரி. நான் வாய் திறக்குமுன் பழனிச்சாமி, "மாட்டுச்சாலைல காயப் போட்டதுங்க சார்" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அதிகாரியின் வீட்டிலும் பசு உண்டு போலும், சிரித்துவிட்டார். தாளில் கையெழுத்திட்டுக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: "சக்கரம் நேரா ஓடுன்னுண்டு, அது போதும். நெறத்தின்டெ காரியம் பசுகிட்ட கேட்டோளு."

அன்று மாலைப் பால் அந்த வண்டியில்தான் சொசைட்டிக்குப் போனது.

அடுத்த வண்டி

பத்து நாள் கழித்து, பழனிச்சாமியின் சொசைட்டிக்கே பால் ஊற்றும் வேலுச்சாமி என்பவர் தம் பழைய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருக்கும் டெஸ்ட் வருகிறதாம். பழனிச்சாமிக்குப் போட்ட அந்த நெய்க் கலர்தான் வேண்டும் என்றார். அந்தக் கலர் இருந்தால் அதிகாரி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடுகிறாராம். வண்டி தேறியது கோணல் இல்லாத சக்கரத்தால், உறுதியான ரிம்மால், பஷீர் அண்ணனின் கையால் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னேன். அந்த நிறம் ஒரு பிழை, பூச்சு கெட்டதன் அடையாளம் என்றேன். அமோனியாவைப் பற்றியும் விளக்கினேன். சுவரோரம் கம்பி கோத்துக்கொண்டிருந்த பஷீர் அண்ணனின் தோள்கள் குலுங்குவதை நான் பார்க்காததுபோல் இருந்தேன்.

வேலுச்சாமி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். நான் பேசி முடித்ததும், கடினமான பகுதியைத் தாமே பார்த்துக்கொள்வதாக எனக்கு ஆறுதல் சொல்லும் குரலில் சொன்னார்: "நீங்க ஏனுங்க சிரமப்படறீங்க, வெள்ளைய அடிச்சு மட்டும் குடுங்க டீச்சர், மாடு எங்ககிட்ட இருக்குதுங்க."

இத்தனை ஆண்டுகளில் பிழையின்றி முடித்த சக்கரம் எதுவும் எனக்குத் தேடித் தராத நற்பெயரை, ஆறு மாடுகள் இரண்டே இரவில், நின்ற இடத்தைவிட்டு அசையாமல் தேடித் தந்துவிட்டன.