நிறுத்தச் சொன்னது நான்தான்

மலேசியாவில், ஈப்போவுக்கு வெளியே ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். எங்கள் ஷிஃப்டின் தலைவர் விலகிப் போனபோது, ஆள் கிடைக்கும்வரை அந்தப் பொறுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அரை வருடத்துக்கு மேல் பார்த்தேன். பிறகு, என்னிடம் வேலை பழகிய ஓர் இளைஞனுக்குப் பதவியைக் கொடுக்கப்போவதாகக் காதில் விழுந்தது.

மேலாளரிடம் போய்க் கேட்டேன். அவரும் தமிழர்தான்.

“ரெண்டு சின்னப் பிள்ளைங்க வச்சிருக்க, உனக்கு சூசாலா மா, கஷ்டம். ஆம்பளைங்களும் பொம்பள பேச்ச கேக்க மாட்டாங்க.”

“இத்தன மாசமா யாரு பேச்ச கேட்டாங்க, போஸ்?”

பீடோர் பக்கம் என் அம்மா ரப்பர் பால்மரம் வெட்டிய தோட்டத்தில் பெண்கள்தான் அதிகம். அவர்களை மேய்க்கும் மண்டோர் மட்டும் எப்போதும் ஆண். அது ஏன் என்று அங்கே யாரும் கேட்டதில்லை.

“இன்டர்வியூ வைங்க. அதுல நான் தோத்தா சரி” என்றேன்.

குனோங் ராபாட்டில் உள்ள எங்கள் வீட்டில் கணவர் பயந்தார். “வேல போயிட்டா?”

“வேற தேடிக்கலாம். விட மாட்டேன்.”

மேலாளர் கடைசியில் வைத்த இன்டர்வியூவில் கேள்வி கேட்க மூன்று ஆண்கள் இருந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் பார்ப்பார்கள் என்று ஒருவர் கேட்டார்.

“அவங்க அப்பா.”

அவர் சிரித்தார். நான் சிரிக்காமல் அடுத்த கேள்விக்குக் காத்திருந்தேன்.

பதவி எனக்கே கிடைத்தது. முதல் வாரமே ஒரு லைனில் கையுறைகள் ஓட்டையோடு வரத் தொடங்கின. லைனை நிறுத்தச் சொன்னேன். மூத்த மெக்கானிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“நிறுத்தினா டார்கெட் போயிடும், தங்கச்சி. ஓடட்டும்லா.”

“ஓட்டக் கையுறைய யாரு போடுவா, அண்ணே?”

அவர் அசையவில்லை. நானே போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தினேன்.

இரைச்சல் அடங்கியது. லைனில் இருந்த பெண்கள் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் என்னை முறைத்த மெக்கானிக், கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரப்பர் பால் தொட்டிப் பக்கம் போனார்.

மேலாளர் போனில் அழைத்தார். “யாரு நிறுத்தச் சொன்னா?”

“நான்தான், போஸ். கையுறையெல்லாம் ஓட்ட.”



“எப்ப ஓடும்?”

“எப்ப ஓடும், அண்ணே?” என்று தொட்டியருகே இருந்த மெக்கானிக்கிடம் கேட்டேன்.

“ஒரு மணி நேரம் குடுங்க” என்றார், குனிந்த தலையை நிமிர்த்தாமல்.

அதையே போனில் சொன்னேன்.