பந்தைப் பார்க்காத பூதக்கண்ணாடி

கால்பந்து கிளப்புக்கு ஆள் தேடிக் கொடுப்பவருக்குப் பந்தைப் பார்க்கும் பழக்கமே கிடையாது என்றால் நம்புவீர்களா? இவருக்குக் கிடையாது. எத்தனையோ வருடமாக ஊர் ஊராய் அலைந்து, பள்ளி மைதானங்களின் ஓரத்தில் மழையில் நனைந்து நின்று இவர் பார்ப்பதெல்லாம் யாராவது ஒரே ஒரு ஆளின் கால்களைத்தான். பந்து எங்கேயோ கிடக்கும்போது அந்தக் கால்கள் என்ன செய்கின்றன என்று பார்ப்பார்.

"பந்து கிடைச்சா எல்லாரும்தான் ஆடுவாங்க," என்பார்.

ஒருமுறை இறுதி ஆட்டம் முழுக்க நின்று பார்த்துவிட்டு, யார் ஜெயித்தது என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டாராம். அன்றிலிருந்து கிளப்பில் இவர் பெயர் பூதக்கண்ணாடி. அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அந்தப் பருப்பு வேகவில்லை. "கல்யாணத்துக்குக் கூட்டிட்டுப் போனா மாப்பிள்ளையப் பாக்க மாட்டாரு. நாற்காலி தூக்குறவன் எப்படித் திரும்புறான்னு பாத்துட்டு வருவாரு," என்று மனைவி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

மகளும் ஆடுகிறாள். அவள் ஆட்டத்துக்கு மட்டும் இவர் போனதே இல்லை. வேலை, பயணம், தலைவலி என்று தினம் ஒரு சாக்கு. விஷயம் வேறொன்றுமில்லை, பயம். ஊரார் பிள்ளைகளை 'தேறாது' என்று சொல்லிப் பழகிய வாய், சொந்தப் பிள்ளையிடம் என்ன சொல்லித் தொலைக்குமோ!

இந்த வருடம் கிளப் பெண்கள் அணிக்கு ஆள் எடுக்கிறது. மகள் வழிமறித்து நின்றுகொண்டாள்.

"அப்பாவா வராதீங்க. கிளப் ஆளா வாங்க. நான் தேறுவேனா மாட்டேனா, அத மட்டும் சொல்லுங்க."

போனார். மகள் இடது ஓரத்தில் ஆடுபவள். அங்கே தேடினார், காணோம். தேடிய கண் நடுவில் எதிரணியின் நாலாம் நம்பர் மேல் போய் விழுந்தது. அவ்வளவுதான். என்ன கால்கள்! விசில் ஊதி ஆட்டம் முடிந்த பிறகுதான் தான் எதற்காக வந்தோம் என்பது நினைவுக்கு வந்தது.

சேறும் வியர்வையுமாக மகள் கார் அருகே வந்தாள். "சொல்லுங்க."

"உன்ன நான் பாக்கவே இல்லம்மா," என்று திருடன் மாதிரி விழித்தார். "எதிர் டீம்ல நாலாம் நம்பர்னு ஒரு பொண்ணு..." ஆரம்பித்ததும் கூச்சம் போய் உற்சாகம் வந்துவிட்டது. "அவள ஒருத்தி முட்டிக்கிட்டே இருந்தா, பாவம். ஒரு தடவகூடத் தாண்ட முடியல. அவ எந்தப் பக்கம் திரும்புவான்னு எனக்கே தெரியுது, நாலாம் நம்பருக்குத் தெரியாதா? அவளெல்லாம் தேறவே மாட்டா."

மகள் கார் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றாள்.

"அது நான்தாம்பா. கோச் இன்னைக்கு என்னைய நடுவுல ஆட விட்டாரு."

"இல்லம்மா, நான் சொல்ல வந்தது..."

"மாத்தாதீங்கப்பா. யாருன்னு தெரியாம சொன்னீங்களே, அதுதான் நான் கேட்டது."

உள்ளே உட்கார்ந்து அழுதாள். அவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தன் வாயையே வெறுத்தார்.

"எந்தப் பக்கம்?" என்றாள் திடீரென்று.

"என்ன?"

"நான் திரும்புறது. தெரியுதுன்னு சொன்னீங்களே."

"வலது. எப்பவும் வலதுதான்."

புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப நாளைக்குக் காலைல மைதானத்துல நீங்க நாலாம் நம்பரா நில்லுங்க."